ஆடிட் லேப்டாப்பில் இரண்டு லாரிகள்

1

டெல்லிக்கு வந்து நான்கு வருடம் முடிந்த அன்று என் லேப்டாப் என்னை வேலைக்கு வரவேற்றது. குருகிராமில் இருக்கும் ஒரு நிறுவனத்தின் சின்னம் திரையின் நடுவில் வந்து நின்றது. அதன் பெயரையே அன்றுதான் முதல் தடவை பார்க்கிறேன். "வருக! அலுவலக மின்னஞ்சலையும் கடவுச்சொல்லையும் இட்டுப் பணியைத் தொடங்குங்கள்" என்று ஆங்கிலத்தில் ஒரு வரி, கீழே இரண்டு காலிக் கட்டங்கள்.

எனக்கு ஏற்கெனவே ஒரு வேலை இருக்கிறது. மத்திய அரசு அலுவலகம் ஒன்றில், வருகிற கடிதங்களில் இணைப்புகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்து, இல்லையென்றால் திருப்பி அனுப்புகிற வேலை. இரண்டாவது வேலைக்கு நான் எங்கேயும் விண்ணப்பிக்கவில்லை. நான் செய்ததெல்லாம் ஒரு ரீசெட்.

ஊரில் உட்கார்ந்து இதைப் படிக்கிறவர்களுக்காக முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். இந்த லேப்டாப்பை இரண்டு வருடத்துக்கு முன்னால் நேரு பிளேஸில் வாங்கினேன். பெரிய நிறுவனங்கள் மூன்று நான்கு வருடம் பயன்படுத்திவிட்டுக் கழித்துக்கட்டும் லேப்டாப்புகளை மொத்தமாக எடுத்து, துடைத்து, விற்கிற கடைகள் அங்கே நிறைய உண்டு. புது கேமிங் லேப்டாப் என் சம்பளத்துக்கு எட்டாது. எட்டினாலும் வாங்கியிருப்பேனா தெரியாது. அவை கல்யாண மண்டபம் மாதிரி கலர் கலராக எரியும். இது கறுப்பு. பதினான்கு அங்குலம். கீழே தவறிப் போட்டால் தரையைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும், அப்படி ஒரு உடம்பு. கேமராவை மூட ஒரு குட்டிக் கதவு. விசைப்பலகையில் தண்ணீர் கொட்டினால் அடிப்பக்கம் வழியாக வடிந்துவிடும், நானே ஒருமுறை பரிசோதித்திருக்கிறேன் (வேண்டுமென்று இல்லை). அடியில் ஒரு ஸ்டிக்கர், அதில் ஒரு நீள எண்.

கேம் விளையாட இது படைக்கப்படவில்லை என்பது எனக்கு நன்றாகவே தெரியும். தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. கணக்குப் பார்க்கிற சிப்பே படத்தையும் வரைய வேண்டும், சமையல்காரரே பரிமாறவும் செய்கிற கல்யாணம் மாதிரி. ஆனால் இதில்தான் ருசி. ஒரே ஒரு ரேம் போட்டு விற்றார்கள், பக்கத்துக் குழியில் இன்னொன்றை நானே வாங்கிச் செருகினேன். ஒரே இரவில் வேறு லேப்டாப் ஆகிவிட்டது. கேமில் நிழல்களை அணைத்தேன். புல்லை அணைத்தேன். மழையை அணைத்தேன். மரங்கள் கொத்தமல்லிக்கட்டு மாதிரி நின்றன, நிற்கட்டும். திரையில் நொடிக்கு முப்பது ஃப்ரேம், அதாவது முப்பது படம், வந்தது. ஜூன் மாதம் அறை கொதிக்கும்போது இருபதாக இறங்கும். ஏர்கூலருக்கு முன்னால் எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து அதன்மேல் வைத்தால் இருபத்தைந்து. டிசம்பர், ஜனவரியில் தானாகவே ஏறும். டெல்லிக் குளிரில் சந்தோஷமாக இருக்கிற ஒரே தென்னாட்டு ஜீவன் என் லேப்டாப்தான் என்று ஆபீஸில் சொன்னேன். நேரு பிளேஸில் வாங்கியது எப்படித் தென்னாடு ஆகும் என்று கேட்டார்கள். என்னோடு இருக்கிறதே, போதாதா?

விற்ற கடைக்காரர் ஒரே ஒரு எச்சரிக்கைதான் கொடுத்தார். "மேடம், ரீசெட் மத் கர்னா. ஜைஸா ஹை, வைஸா சலாயியே." ரீசெட் செய்யாதே, இருக்கிறபடியே ஓட்டு. நான் அதைச் சோம்பேறிக் கடைக்காரரின் பேச்சு என்று எடுத்துக்கொண்டேன். என்னை மாதிரிப் பைத்தியங்களுக்கு ஒரு மூடநம்பிக்கை உண்டு: எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டால் நாலு ஃப்ரேம் கூடும். நான்கு வருட நிறைவுக்கு எனக்கு நானே கொடுக்கும் பரிசாக, டிசம்பர் சனிக்கிழமைக் காலையில், மொட்டைமாடி வெயிலில் உட்கார்ந்து, அந்தப் பொத்தானை அழுத்தினேன்.

அது புதிதாகப் பிறந்தது. பிறந்த மறுநிமிடம் வைஃபையைப் பிடித்து, தன் பழைய வீட்டைத் தேடிப் போய்விட்டது. முதலில் வாங்கிய நிறுவனம் தன் பட்டியலில் இதைச் சேர்த்து வைத்திருந்திருக்கிறது. கழித்துக்கட்டும்போது பட்டியலிலிருந்து எடுக்க மறந்துவிட்டார்கள். கடைக்காரர் ஏதோ செய்து அந்தத் திரை வராமல் ஒளித்து வைத்திருந்தார். நான் வெளிச்சம் போட்டுக் காட்டிவிட்டேன்.

2

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மூன்று மணிக்கு என் தங்கை ஆனந்தி வருவாள். வருவாள் என்றால் லாரியில்.

அவள் பாளையங்கோட்டையில் கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கிறாள், மூன்றாம் வருடம். நான் ஜனக்புரியில் ஒரு வீட்டின் மொட்டைமாடி அறையில் இருக்கிறேன். இரண்டு வருடமாக ஞாயிறு தவறாமல் மூன்று மணியிலிருந்து ஐந்து மணி வரை நாங்கள் அவரவர் லேப்டாப்பில் ஐரோப்பாவில் லாரி ஓட்டுகிறோம். அவள் வண்டி மஞ்சள், என்னுடையது நீலம். தக்காளியோ மரப்பலகையோ ஏற்றிக்கொண்டு ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் போய் இறக்க வேண்டும், அவ்வளவுதான் விளையாட்டு. சுடுவதற்கு ஒன்றும் கிடையாது. காதில் ஹெட்செட், அதில் அவள் குரல்.

எங்கள் வீடு தென்காசியில். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் அப்பாவுக்கு ஜெராக்ஸ் கடை. வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் கடைக் கம்ப்யூட்டரில் ஒரே பிளாஸ்டிக் நாற்காலியில் பாதி பாதி உட்கார்ந்து நாங்கள் ஒரு பஸ் கேம் விளையாடுவோம். ஸ்டியரிங், பிரேக் எல்லாம் எனக்கு. ஆனந்திக்கு ஹாரன் மட்டும். அவள் புறப்பட்டதிலிருந்து போய்ச் சேரும்வரை அடித்துக்கொண்டே இருப்பாள். ரேஷன் கார்டு நகல் எடுக்க வந்த ஒருவர் அப்பாவிடம், "என்ன அண்ணாச்சி, கடைக்குள்ள டெப்போ ஏதும் வச்சிருக்கியளா?" என்று கேட்டது இன்னும் எங்கள் வீட்டில் ஓடுகிறது.

டெல்லியில் நான் பேசுவதில்லை என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். நாள் முழுக்கப் பேசுகிறேன். ஆபீஸில் இந்தி, கோப்பில் ஆங்கிலம், ஆட்டோவில் "பையா, சீதா சலோ", அண்ணா நேராகப் போங்கள். மதியச் சாப்பாட்டில் ஆறு பேர் ஒன்றாக உட்காருவோம். நகைச்சுவை வேகமாகப் போகும். எல்லாரும் சிரித்து முடிக்கிற நேரத்தில் எனக்குப் புரியும், அரை நொடி தாமதமாகச் சிரிப்பேன். நான்கு வருடத்தில் அந்த அரை நொடியைக் குறைக்க முடியவில்லை. ஞாயிறு மூன்று மணிக்குத்தான் நான் நேரத்துக்குச் சிரிக்கிறேன். அங்கேயும் இந்தி எட்டிப் பார்க்கும். "அச்சா அச்சாங்காதக்கா, பக்கத்துல எவளாச்சும் கேட்டா எனக்கு மானம் போகும்" என்பாள் ஆனந்தி.

வீட்டுக்காரப் பஞ்சாபி ஆன்ட்டிக்கு இது எதுவும் தெரியாது. கறுப்பு லேப்டாப், காதில் ஹெட்செட், ஞாயிற்றுக்கிழமை, புரியாத மொழியில் விடாத பேச்சு. அவர் தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார், "மேலே இருக்கிற உமா பேட்டா விடுமுறையில்கூட ஆபீஸ் வேலை பார்க்கிறாள்" என்று. நான் திருத்தவில்லை. வேலை இருக்கிறவள் தனியாக இருக்கலாம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

ஆகவே அந்தத் திரையில் தெரிந்த இரண்டு காலிக் கட்டங்கள் எனக்கு என்ன செய்தன என்று உங்களுக்குப் புரியும். வாரத்தில் அந்த இரண்டு மணி நேரம் போய்விட்டால் மிச்சம் இருப்பது என்ன என்று எண்ணிப் பார்த்தேன். எண்ணுவதை நிறுத்திவிட்டு நிறுவனத்தின் உதவி எண்ணைத் தேடினேன்.

3

முதல் அழைப்பில் ஒரு பெண்.

"எம்ப்ளாயி ஐடி பதாயியே."

நான் ஊழியர் இல்லை என்றேன்.

"தோ ஹமாரா லேப்டாப் ஆப்கே பாஸ் கைஸே?"

எங்கள் லேப்டாப் உன்னிடம் எப்படி வந்தது? நியாயமான கேள்விதான். ஆனால் இந்தியில் பதில் சொல்லத் தொடங்கியதும் நான் திருடி போலவே ஒலித்தேன். காத்திருப்பு இசை வந்தது, பிறகு அதுவும் போனது.

மெட்ரோ பிடித்து நேரு என்க்ளேவில் இறங்கிக் கடைக்கு நடந்தேன். கடைக்காரர் திரையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மைனே போலா தா நா?" என்றார். சொன்னேனா இல்லையா. முன்பு வேலை செய்த தந்திரம் இப்போது வேலை செய்யாது, அந்த நிறுவனமே பட்டியலிலிருந்து எடுத்தால்தான் உண்டு என்று கையை விரித்தார்.

மூன்றாவது அழைப்பில் ஒரு இளைஞர் எடுத்தார். நான் முழு வாக்கியத்தையும் வீட்டிலேயே இந்தியில் எழுதி வைத்து வாசித்தேன்.

"நீங்க தமிழா?"

"எப்படித் தெரியும்?"

"நீங்க க்ரிப்யா சொன்னீங்க. டெல்லில யாரும் ஃபோன்ல க்ரிப்யா சொல்ல மாட்டாங்க. எங்க அம்மாதான் சொல்லுவாங்க."

'தயவுசெய்து' என்பதற்குப் பாடப்புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருந்தது, நான் என்ன செய்ய? அவர் பெயர் பாலாஜி.

"எந்த ஊருங்க நீங்க?" என்று நான் கேட்டேன்.

"ஜனக்புரி."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடியும் ஜனக்புரிதான்கா. அப்பா கும்பகோணம். நான் ரெண்டு வாட்டி போயிருக்கேன். தமிழ் பேசுவேன், படிக்க வராது. நம்பர் சொல்லுங்க, அடியில ஸ்டிக்கர் இருக்கும்."

வாசித்தேன். தட்டுகிற சத்தம் கேட்டது.

"ஆங், கிடைச்சுது. ஆடிட் டீம் லேப்டாப். பேப்பர்ல இது செத்துப் போச்சு, சிஸ்டம்ல இன்னும் உயிரோட இருக்கு. இப்ப நீங்க இதுல என்ன பண்றீங்க?"

"கேம் விளையாடுறேன்."

"இதுலயா?" அவர் சிரித்த சிரிப்பில் அவமரியாதை இல்லை, தொழில்முறைக் கவலைதான் இருந்தது. "இதுல எக்ஸெல் திறந்தாலே ஃபேன் கத்தும்கா."

"கத்தட்டும். பட்டியல்லயிருந்து எடுத்துவிடுங்களேன்."

"நான் எடுத்தா என்னை எடுத்துடுவாங்க. ப்ரொசீஜர் இருக்கு. நம்பர் போட்ட பில் வேணும். எங்ககிட்ட ஸ்க்ராப் எடுத்தவரோட லெட்டர் வேணும். ஸ்டிக்கர் ஃபோட்டோ. எல்லா இணைப்பும் வெச்சு மெயில் போடுங்க. ஒண்ணு குறைஞ்சாலும் திருப்பிடுவாங்க."

ஒன்று குறைந்தாலும் திருப்பிவிடுவார்கள். நான்கு வருடமாக இந்த வரியை எத்தனை பேருக்கு அனுப்பியிருப்பேன்! எனக்கு யாரும் அனுப்பியதில்லை.

"ஃபார்ம்ல ஒரு கட்டம் இருக்கு," என்றார் பாலாஜி. "அவசரத்துக்கான காரணம். அதுல என்ன போட? ஒண்ணும் போடலேன்னா கடைசில தள்ளிடுவாங்க."

"ஞாயித்துக்கிழமை என் தங்கச்சி காத்துக்கிட்டு இருப்பா."

"அதையா போட?"

"அதுதான் காரணம்."

அவர் தட்டுகிற சத்தம் கேட்டது. பிற்பாடு வந்த மின்னஞ்சலில் அந்த வரி அப்படியே இருந்தது, ஆங்கிலத்தில், பெரிய எழுத்தில்: தங்கை காத்திருக்கிறாள்.

என் கடிதம் முதல் தடவை திரும்பி வந்தது. பில்லில் எண் இல்லை. கடைக்காரரைப் போய்ப் பார்த்து, அவர் சமாதானத்துக்கு வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்து, வேறு பில் வாங்கினேன். அடுத்ததாக, கையெழுத்திட வேண்டியவர் புத்தாண்டு வரை விடுப்பு. எங்கள் அலுவலகத்தைத் தனியாருக்குக் கொடுத்தால் எப்படி இருக்கும் என்று அவ்வப்போது பேச்சு வரும். இப்படித்தான் இருக்கும், மின்னஞ்சலுக்குக் கீழே ஒரு புன்னகை கூடுதலாக இருக்கும்.

4

நான்கு ஞாயிறுகள் போயின.

முதல் ஞாயிறு மூன்று மணிக்கு ஆனந்திக்குப் போன் போட்டேன். லாரி இல்லாவிட்டால் என்ன, பேச்சு இருக்கிறதே என்று.

"சாப்ட்டியாட்டி?"

"சாப்ட்டேன். நீ?"

"ம். ராஜ்மா."

"திரும்பவுமா?"

"திரும்பவும்."

"சரி."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்லக்கா. நீ சொல்லு."

ஏழு நிமிடத்தில் முடிந்துவிட்டது. எனக்குத் திகைப்பாக இருந்தது. இதே இரண்டு பேர்தான் போன வாரம் இரண்டு மணி நேரம் பேசினோம். யோசித்தபோது புரிந்தது. லாரியில் போகும்போது நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துப் பேசுவதில்லை, இரண்டு பேரும் ரோட்டைப் பார்த்துப் பேசுகிறோம். பத்து நிமிடம் பேச்சே இல்லாவிட்டாலும் அங்கே அது மௌனம் ஆகாது, வளைவு வரும், பாலம் வரும், "ஏய், ஸ்லோ பண்ணு" என்று ஏதாவது வரும். போனில் வளைவே கிடையாது. அவளுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும், பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது ஞாயிறு போனை எடுக்கவில்லை. "வெளிய இருக்கேன்கா, பொறவு பேசுதேன்" என்று செய்தி வந்தது. மூன்றாவது ஞாயிறு ஒரு புகைப்படம் அனுப்பினாள். ஷட்டில் மட்டையோடு நான்கு பெண்கள், வியர்த்து வடிகிறது, ஒருத்தி நாக்கை நீட்டிக்கொண்டிருக்கிறாள். அந்த ஒருத்தி ஆனந்தி. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அவளுக்கு அப்படி ஒரு சிரிப்பு உண்டு என்பது எனக்கு மறந்திருந்தது. ஹெட்செட்டில் சிரிப்பு கேட்கும், தெரியாது.

நான்காவது ஞாயிறு அவளும் அழைக்கவில்லை, நானும் அழைக்கவில்லை. ஸ்வெட்டர் வாங்கலாம் என்று சரோஜினி நகர் போனேன். அந்தக் கூட்டத்தில் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் தமிழில், "ஏய், அது வேணாம், சாயம் போகும்" என்றது. சட்டென்று கையிலிருந்ததை வைத்துவிட்டுத் திரும்பினேன். அவள் சொன்னது பக்கத்திலிருந்த தன் தோழிக்கு. இரண்டு பேரும் அடுத்த கடைக்குப் போய்விட்டார்கள். நான் எதுவும் வாங்காமல் திரும்பினேன்.

புத்தாண்டு கழிந்து ஒரு வியாழக்கிழமை மதியம் பாலாஜியின் அழைப்பு. "அக்கா, ஆயிடுச்சு. உங்க லேப்டாப் இப்ப யாரோடதும் இல்ல."

"என்னுது."

"ஆமா ஆமா, உங்களுது. பில்லுல ஜனக்புரின்னு பாத்தேன், எந்த பிளாக்ல இருக்கீங்க?" சொன்னேன். "அட, எங்களுக்கு ரெண்டு தெரு பக்கம்தான். ஒரு நாள் சாய் குடிக்கலாம்கா."

"கண்டிப்பா."

இதுவரை குடிக்கவில்லை. டெல்லியில் அது அப்படித்தான். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

5

ஞாயிறு இரண்டரைக்கே எல்லாம் தயார். ரஜாயை, இங்கத்திய பஞ்சுப் போர்வையை, இடுப்புவரை இழுத்துவிட்டு, லேப்டாப்பைச் சாப்பாட்டுப் பலகைமேல் வைத்தேன். புதிதாகப் போட்டதில் மூன்றோ நான்கோ ஃப்ரேம் கூடியிருந்தது. சத்தியமாகக் கூடியிருந்தது.

ஆனந்தி மூன்றேகாலுக்கு வந்தாள். தக்காளி லோடு, முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். பாலாஜி கதை முழுக்கச் சொன்னேன், நடித்தும் காட்டினேன். அவள் சரியான இடங்களில் சிரித்தாள். ஒரு நீளமான நேர்ச்சாலை வந்தது.

"அக்கா, ஒண்ணு சொன்னா கோவப்பட மாட்டியே."

"சொல்லு."

"என்னைய டீம்ல எடுத்திருக்காங்க. ஷட்டில்ல. யுனிவர்சிட்டி மேட்ச் வருது."

"ஏட்டி! இதையா இவ்வளவு நேரம் அடைகாத்தே?"

"ஞாயித்துக்கெழமை மூணு மணிக்குத்தான் பிராக்டிஸ். இன்னைக்கு நான் லீவு சொல்லிட்டு வந்தேன்."

"அதுக்கென்ன, நேரத்தை மாத்திக்கிடுவோம். ஆறு மணி?"

"ஆறு மணிக்கு வந்து குளிச்சு, மெஸ்ஸு..."

"சனிக்கெழமை?"

அவள் வண்டியின் இண்டிகேட்டர் திருப்பமே இல்லாத இடத்தில் எரிந்துகொண்டிருந்தது.

"அக்கா, எனக்கு இந்த லாரி கேமே அவ்வளவாப் பிடிக்காது."

"எப்பயிருந்து?"

"மொதல்லயிருந்தே."

"பிறகு எதுக்குட்டி ரெண்டு வருஷமா..."

"அம்மாதான் சொன்னா. நீ அங்க ஒத்தையில கெடக்கே, ஞாயித்துக்கெழமை ஆனா பேச ஒரு ஆளில்ல, நீயாச்சும் அவளுக்குத் தொணையா வெளையாடுன்னு. நானும் சரின்னேன். பொறவு பழகிட்டு. ஹாஸ்டல்ல என் பேரே டிரைவரம்மாதான். எல்லாரும் சினிமாவுக்குக் கெளம்பும்போது, டிரைவரம்மாவுக்கு லோடு இருக்கு, விட்ருங்கட்டிம்பாளுவ."

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். அவள் முதலில் நிறுத்தினாள்.

இந்த லேப்டாப்பை யாருக்காக வாங்கினாய் என்று ஆபீஸில் கேட்டபோது, தங்கச்சிக்காக என்றுதான் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். சின்னவள், விடுதியில் தனியாக இருக்கிறாள், அவளுக்கு நான் வேண்டும். அதை நான் முழுசாக நம்பியும் இருந்தேன். ஒரு நிறுவனத்தின் பதிவேட்டில் வேறு ஏற்றிவிட்டேன். வாயில் அந்த வாக்கியம் தயாராக வந்து நின்றது: உனக்காகத்தானேட்டி வாங்கினேன். சொல்லியிருந்தால் ஆனந்தி அடுத்த ஞாயிறும் வந்திருப்பாள். அதற்கடுத்த ஞாயிறும். எனக்குத் தெரியும், அவள் அப்படிப்பட்டவள். பிராக்டிஸை விட்டுவிட்டு வந்து, எனக்கு முன்னால் மஞ்சள் லாரியை ஓட்டியிருப்பாள்.

"அக்கா? இருக்கியா?"

"இருக்கேன்."

"கோவமா?"

"இல்லட்டி. நானே எப்படிச் சொல்லன்னு பாத்துக்கிட்டு இருந்தேன். ஆபீஸ்ல இப்ப ஞாயித்துக்கெழமையும் வேலை குடுக்கான். இனி நம்மளால முடியாதுன்னு இன்னைக்குச் சொல்லத்தான் வந்தேன்."

"நெசமாவா?"

"நெசமா."

"அப்பாடா!" என்றாள்.

உள்ளே அடைத்து வைத்திருந்த மூச்சு முழுக்க அதில் வந்தது. நான்கு வருடத்தில் என்னால் யாருக்காவது இவ்வளவு நிம்மதி கிடைத்திருக்குமா என்று தெரியவில்லை. பிரேக்கில் விரலை வைத்தேன், எடுத்தேன், வண்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"அம்மாகிட்ட மட்டும் சொல்லிராதக்கா. உன்னைய விட்டுட்டேன்னு வைவா."

"சொல்லல."

லோடை இறக்கிவிட்டுத்தான் போனாள். சரக்கு இறக்கும் கிட்டங்கிக்குள் பின்னோக்கிச் செலுத்துவதில் அவள் கெட்டிக்காரி, ஒரே வீச்சில் நிறுத்திவிட்டாள். "வாரேன்கா" என்றாள். விளையாட்டில் ஒருவர் வெளியேறினால் அவர் வண்டி அணைந்து நிற்காது, அப்படியே காணாமல் போய்விடும். மஞ்சள் வண்டி நின்ற இடத்தில் சிமெண்ட் தரை இருந்தது, எண்ணெய்க் கறைகூட இல்லை. நான் எண்ணெய்க் கறைகளையும் அணைத்து வைத்திருந்தேன்.

6

அடுத்த ஞாயிறு மூன்று மணிக்கு அவளுக்கு முதல் பிராக்டிஸ் போட்டி. காலையிலேயே வாழ்த்து அனுப்பிவிட்டேன். துணி துவைத்தேன். அறையைப் பெருக்கினேன். ஆன்ட்டி மாடிக்கு வடகம் மாதிரி ஏதோ காயவைக்க வந்து, "ஆஜ் காம் நஹீன்?" என்றார், இன்று வேலை இல்லையா? இருக்கிறது ஆன்ட்டி என்று சொல்லிவிட்டேன். சொன்னபின் லேப்டாப்பைத் திறந்துதானே ஆக வேண்டும்.

மரப்பலகை லோடு ஒன்றை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். தனியாக ஓட்டினால் ரோடு நீளம். ஹெட்செட் மாட்டத் தோன்றவில்லை, என்ஜின் சத்தத்தை ஸ்பீக்கரில் விட்டேன். நாலரைக்கு அம்மா அழைத்தாள். அம்மா ஞாயிற்றுக்கிழமை இந்த நேரத்தில் அழைப்பதே இல்லை. அது எங்கள் நேரம் என்று விட்டுவிடுவாள் போல, அதை நான் அன்றுதான் கவனித்தேன்.

"ஏட்டி, லேப்டாப் சரியாயிட்டாம்லா. ஆனந்தி சொன்னா. இப்ப அவ போனை எடுக்க மாட்டேங்கா, ரெண்டு பேரும் ஓட்டிக்கிட்டா இருக்கிய?"

"ஆமாம்மா."

"என்ன சொல்லுதா? நல்லாச் சாப்பிடுதாளாமா?"

"நல்லாச் சாப்பிடுதா. கொஞ்சம் உடம்பு போட்டிருக்கா."

"சளி இருந்துச்சே."

"அதெல்லாம் சரியாயிட்டும்மா. இப்பத்தான் சொன்னா."

"போனைக் கொஞ்சம் கிட்டத்துல வையி. சத்தம் கேக்கட்டும்."

ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்தேன். ஏற்றமான சாலை, வண்டி இழுத்துக்கொண்டு ஏறியது. ஃபேனும் சேர்ந்து கத்தியது. தென்காசியில் அம்மா கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு வண்டியும் ஓடுதாட்டி?"

"ஓடுதும்மா."

"அப்ப நான் வைக்கேன். பேச்சுக் குடுத்தா எங்கயாச்சும் கொண்டு போயி இடிச்சிருவ."